மூளி விளிம்பும் ஒரு ஜப்பான் சொல்லும்

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

நேற்று உங்களில் ஒருத்தி கேட்டாள்: அலமாரியில் டீச்சருடைய ஜப்பான் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் துடைத்த மாதிரி காலியாக இருக்கிறதே, அங்கே என்ன வைப்பீர்கள் என்று. சூளை மூட்டும் அவசரத்தில் பதில் சொல்லாமல் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். வரும் திங்கட்கிழமை முதல் நான் இங்கே இல்லை. திருத்தணிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பு எடுக்கப் போகிறேன். இருபத்தைந்து வயதில் ‘ஓய்வு பெறுகிறேன்’ என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

மண் நோட்டு மேசை மேல் இருக்கிறது. எந்த ஏரி மண்ணுக்கு எவ்வளவு மணல், மண்ணை எந்தத் தடிமனுக்குக் கயிறாக உருட்டுவது, சூளைக்கு எப்போது எந்த விறகு, எல்லாம் அதில் உண்டு. அதையே திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. டீச்சரும் அதைக் கேட்கவில்லை. “இதுல இல்லாதது எதாவது இருந்தா எழுதி வெச்சிட்டுப் போ வேதா,” என்றார். நோட்டில் இல்லாதது ஒன்றுதான்: மங்காவின் கல்யாணத்துக்கு நான் செய்துகொடுத்த ஐந்து பாலிகைக் கிண்ணங்கள்.

முதலில் நான் எப்படி வந்தேன் என்று சொன்னால்தான் தப்பு எங்கே முளைத்தது என்று விளங்கும். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. நைனாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. நான் திருப்பதியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். டைப்ரைட்டிங், ஹிந்தி, தையல் மூன்றையும் ஒரே மாதத்தில் ஆரம்பித்து மூன்றையும் அடுத்த மாதம் விட்டேன். ஒரு நாள் இந்த மிஷன் காம்பவுண்டு வழியாக வரும்போது சூளை பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கிண்ணம் கறுப்பும் செம்மண் நிறமுமாக வெளியே வந்தது. யாரையும் கேட்காமல் உள்ளே போய் அதைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். மறுநாள் முதல் வேலைக்கு வந்தேன்.

டீச்சர் சித்தூர்க்காரர், சபை உதவியில் ஜப்பானுக்குப் போய் இரண்டு வருஷம் மண்வேலை கற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். பேச்சு குறைவு. நான் ஒரு கேள்வி கேட்டு, அவர் பதிலுக்கு வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன். சக்கரம் ஏன் இல்லை என்று முதல் நாளே கேட்டேன். “கை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் பானை வளரணும்,” என்றார். எனக்கு அந்த வேகம் போதவில்லை.

மங்கா எனக்கு முன்பே இங்கே இருந்தவள். என்னைவிட மூன்று வயது சிறியவள். ஐந்தாவது வரை படித்தவள். சுற்றிச் சுற்றி அடுக்கிப் பானையாக்கும் மண் கயிற்றை உருட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. ஒரு முழக் கயிற்றில் எந்த இடத்தில் அளந்தாலும் தடிமன் ஒன்றாக இருக்கும். நான் உருட்டினால் பாம்பு தவளையை விழுங்கின மாதிரி இருக்கும் என்று அவளே சொல்வாள்.

ஒரு மழை நாளில் டீச்சர் அந்த ஜப்பான் கிண்ணத்தை எங்கள் இருவர் கையிலும் கொடுத்தார். அதன் விளிம்பு ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கியிருக்கும். பார்த்திருப்பீர்கள்.

“இது ஏன் டீச்சர் இப்படி ஏறி இறங்குது?” என்று கேட்டேன்.

“அங்க இதுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. வபின்னு ஒண்ணு, சபின்னு ஒண்ணு. வபின்னா, குறைச்சலா இருக்கறதுலயே ஒரு நிறைவு. சபின்னா, நாள் ஆக ஆக ஒரு பொருள் மேல வந்து உக்கார்ற அழகு. சரியா தமிழ்ல சொல்ல எனக்கு வரல.”

“எனக்கு வபி தெரியாது டீச்சர்,” என்றாள் மங்கா. “சபி தெரியும். எங்க பெரிம்மா தெனம் காத்தால எழுந்து தெருவையே சபிச்சிட்டுத்தான் பல்லு வெளக்கும். அத கத்துக்கவா கப்பல் ஏறிப் போனீங்க?”

டீச்சர் சிரித்து நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று. சிரித்த பிறகு அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. விளிம்பைப் பென்சிலால் நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். ஏற்றம் எத்தனை, இறக்கம் எத்தனை என்று அளந்துகூடக் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் கிண்ணங்களுக்கு ஒரு முத்திரை வந்தது. விளிம்பை முடித்த பின், ஈரத்திலேயே, ஒரு பக்கம் விரலால் கிள்ளி எடுத்துவிடுவேன். கடித்துவிட்டு வைத்த அப்பளம் மாதிரி இருக்கும். திருப்பதியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு எங்கள் சாமான்கள் போனபோது, மதராஸிலிருந்து வந்திருந்த சித்திரப் பள்ளி மாணவர்கள் என் கிண்ணத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர், “இது பேசுகிறது!” என்றார். போதாதா? பூத்தொட்டியில் கிள்ளினேன், விளக்குத் தண்டில் கிள்ளினேன், ஊறுகாய் ஜாடியையும் விடவில்லை. ஜாடிக்கு மூடி உட்காரவில்லை. எலுமிச்சை ஊறுகாயில் எறும்பு ஏறியது. டீச்சர் ஜாடியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் நகர்த்தி வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் எல்லைப் பேச்சு. எந்தத் தாலுக்கா மதராஸுக்கு, எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு புதுக் கோடு போடுவார்கள். எங்களுக்கு அதில் ஒரு தனிக் கவலை. நம் மண்வேலை ஷெட்டுக்கு மண் வருவது திருத்தணிப் பக்கத்து ஏரி ஒன்றிலிருந்து. இங்கே சுற்றுப்பட்ட ஏரிகளில் உப்பு ஜாஸ்தி. சுட்டால் வெள்ளை பூத்துவிடும். அந்த ஏரி மண்ணைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து போடுகிறவர் ஏழுமலை. வண்டியிலிருந்து மண்ணை இறக்க அரை மணி ஆகும் இடத்தில் அவருக்கு ஒன்றரை மணி ஆகத் தொடங்கியது. மங்கா அந்த நேரத்தில் மண் கயிற்றைக் கோணலாக உருட்டத் தொடங்கினாள். டீச்சர்தான் கவனித்து இரண்டு வீட்டிலும் பேசினார்.

மங்காவுக்கு இது இரண்டாவது சம்பந்தம். முதல் இடத்தில் நிச்சயம் ஆகிப் பந்தக்கால் நட்ட பிறகு, அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது. பெண்ணின் ராசி என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இன்னொரு தடவை நின்றால் பிறகு அவளை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்பது அவள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

கல்யாணம் அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை ஊரில். சடங்குக்கு வேண்டிய பானைகளை அந்த ஊர்க் குயவர் தருவார். பாலிகை மட்டும் ஷெட்டிலிருந்து வரட்டும் என்று மங்கா ஆசைப்பட்டாள். குயவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லி அனுமதியும் வாங்கியாயிற்று. உங்களில் பாலிகை தெரியாதவர்களுக்காக: அகன்ற சிறு கிண்ணம், நான்கு விரல் உயரம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஐந்து சுமங்கலிகள் ஐந்து கிண்ணத்தில் மண் போட்டு, முளைகட்டிய நவதானியம் விதைப்பார்கள். பயிர் எப்படி வருகிறதோ அப்படிக் குடும்பம். சில நாள் கழித்துக் கிண்ணத்தோடு ஏரியில் விட்டுவிடுவார்கள்.

ஏரி வேறு ராஜ்யத்துக்குப் போனால் மண்ணுக்கு யாரைக் கேட்பது என்று விசாரிக்க டீச்சர் சித்தூர் ஆபீசுக்குப் புறப்பட்டார். போகும்போது, “மங்காவுக்கு நீ பண்ணு. நல்லா பண்ணு,” என்றார்.

நல்லா என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். ஐந்து கிண்ணத்திலும் கிள்ளினேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆழத்தில். ஐந்தாவதில் இரண்டு விரல் ஆழம்.

சூளை பிரித்த அன்று மங்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சாம்பலைத் துடைத்தாள்.

“வேதாக்கா, அவங்க ஊட்ல ஒத்துப்பாங்களா?”

“சாதாரணப் பாலிகைன்னா குயவர்கிட்டயே கெடைக்கும். இது உனக்காகப் பண்ணது மங்கா.”

“எனக்காகன்னா… வாய் நேரா இருக்க வாணாவா?”

“பாத்துப் பழகினா புடிச்சிப்பூடும். மதராஸ்காரங்க எப்டி பாத்தாங்க தெரியுமா?”

அவள் மதராஸ்காரர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வைக்கோலை எடுத்து ஐந்தையும் சுற்றிக் கூடையில் அடுக்கினாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்குமேல் நடந்ததெல்லாம் நடக்காமலே போயிருக்கலாம். சூளைக்கு இன்னொரு தடவை நேரம் இருந்தது. அவள் கேட்டது ஒரு கேள்வி. நான் கொடுத்தது ஒரு பிரசங்கம்.

மாப்பிள்ளை ஊருக்கு ரயிலிலும் வண்டியிலுமாக மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். ஏழுமலைக்குத் தாய் இல்லை. அந்த வீட்டில் சொல்லும் செயலும் அவருடைய அத்தை தெய்வானை. உயரமான மனுஷி, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பந்தலுக்கு வெளியே ஆண்கள் எல்லைக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். “இன்னா மாமா, அடுத்த வருசம் பொண்ண பாக்க வர்றதுன்னா நீங்க ராஜ்யம் தாண்டி வரணும்,” என்று ஏழுமலையின் சித்தப்பா கேலி செய்ய, மங்காவின் நைனா, “தாண்டிக்கலாம், தாண்டிக்கலாம். ஏரித் தண்ணிக்கு எந்த ராஜ்யம்னு மொதல்ல கேட்டுச் சொல்லு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விதைக்கக் கோலம் போட்டாயிற்று. நான்தான் கூடையைக் கொண்டுபோனேன். வைக்கோலைப் பிரித்து ஐந்து கிண்ணத்தையும் கோலத்தின் மேல் வைத்தேன். பேச்சு ஒவ்வொரு பெண்ணாக நின்றது.

தெய்வானை அத்தை குனிந்து ஒன்றை எடுத்தாள். கிள்ளிய பள்ளத்தின் மேல் கட்டை விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“வர்ற வழில ஒடைஞ்சிட்ச்சா?”

“இல்லீங்க. அப்டியே பண்ணது.”

“அப்டியேன்னா?”

“வேணும்னே பண்ணதுங்க.”

“வேணும்னே.” அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், அதையும் வைத்தாள். “அஞ்சும் மூளி. தாலி கட்டறதுக்கு மின்னயே மூளியா?”

தெலுங்கு வீட்டிலிருந்து வந்தவளுக்காக ஒரு வார்த்தை. விளிம்பு உடைந்த பானைக்கு மூளி என்று பேர். தாலியும் பூவும் இழந்த பெண்ணுக்கும் அதே பேர். எனக்கு இது தெரியாதா? தெரியும். எங்கள் வீட்டிலும் மூளிப் பானையை வெள்ளிக்கிழமை அடுப்பில் ஏற்றமாட்டார்கள். ஆனால் நான் அந்தப் பள்ளத்தை ஒரு தடவைகூடத் தமிழில் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ பதில் சொல்லிப் பழக்கம்.

“இது மூளி இல்லீங்க. ஜப்பான்ல இதுதான் ஒசத்தி. இதுக்குப் பேரே வபி, சபி…”

ஒரு கிழவி மார்பில் கை வைத்தாள்.

“இன்னா சொல்றா அவ? கல்யாண ஊட்ல வந்து நின்னுக்கினு சபின்றா?”

“ஐயோ, சபிக்கிறது இல்லீங்க! அது வேற பாஷ. சபின்னா… பழசாவறதுல ஒரு…”

“பழசா? புதுப் பொண்ணுக்குப் பழசுன்றியா?”

“இந்தாம்மே காலேஜி பொண்ணே,” என்றாள் தெய்வானை அத்தை. குரல் உயரவே இல்லை. “ஜப்பான்ல கண்ணாலம் பண்ணிக்க மாட்டாங்களா? எல்லாம் ஒடைஞ்ச சட்டிலதான் சோறு துன்றாங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. யாரோ பித்தளைக் கிண்ணம் வைக்கலாம் என்றார்கள். மண்ணில் முளைக்க வேண்டியதைப் பித்தளையில் முளைக்க வைப்பதா என்று அத்தை தள்ளிவிட்டாள். குயவர் வீட்டுக்கு ஆள் ஓடிப் போய்த் திரும்பி வந்தது. முகூர்த்த மாசம், இருந்த பாலிகையெல்லாம் மற்ற ஊர்க் கல்யாணங்களுக்குப் போய்விட்டதாம். வெளியே எல்லைப் பேச்சு நின்றுவிட்டது. மங்காவின் நைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு பந்தல் வாசலில் வந்து நின்றார்.

“எனக்கு மனசு ஒப்பல,” என்றாள் அத்தை, அவரைப் பார்த்து. “பொண்ணு மேல ஒண்ணும் கொற இல்ல. காத்தால முகூர்த்தம் வாணாம். வேற நாளு பாத்து வெச்சிக்கலாம்.”

வேறு நாள் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். முதல் இடத்திலும் அப்படித்தான் சொன்னார்களாம். “சரேம்மா,” என்று ஆரம்பித்துத் துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

அப்போது உள் அறையிலிருந்து மங்கா வந்தாள். மஞ்சள் பூசிய முகம், நலங்கு வைத்த கால். கல்யாணப் பெண் அப்படி எழுந்து வரக் கூடாது. அத்தையைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, ஷெட்ல சட்டி ஆடிச்சின்னா இன்னா பண்ணுவோம்?”

“அடியத் தேய்ப்போம்.”

“வாயத் தேய்.”

அவ்வளவுதான் சொன்னாள். நீங்களும் செய்திருக்கிறீர்கள்: அடி சமமில்லாத சட்டியைக் கருங்கல்லில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்ப்போம். அதையே கவிழ்த்து வைத்து விளிம்புக்குச் செய்தால் பள்ளம் இருக்கிற மட்டத்துக்கு மற்ற விளிம்பெல்லாம் இறங்கிவிடும். இத்தனை படித்தவளுக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எழுதி வைக்கிற இடத்தில் பொய் எதற்கு. நான் உடனே நகரவில்லை. நான்கு மூச்சு நேரம் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நான்கு மூச்சில் நான் நினைத்தது மங்காவை அல்ல. ‘இது பேசுகிறது’ என்று ஒருவர் சொன்னாரே, அந்த விளிம்பை. பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

துணி துவைக்கும் கல் அகலமாக இருந்தது. மணல் போட்டுத் தண்ணீர் தெளித்து முதல் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். விளக்கு வைப்பதற்குள் ஐந்தும் ஆக வேண்டும். அழுத்தினால் விரிசல் விடும். விட்டால் மாற்றுக் கிண்ணம் கிடையாது. அழுத்தாவிட்டால் நேரம் போதாது. ஐந்து வருஷத்தில் என் கையின் வேகத்தை நான் முதல் தடவையாகக் குறைத்தது அந்தக் கல்லின் மேல்தான். கல்லில் செம்மண் குழம்பு வழிந்தது. பெண்கள் சுற்றிலும் நின்று பார்த்தார்கள். ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. நான்காவதற்கு வரும்போது என் விரல் முட்டிகளில் தோல் போயிருந்தது. ஐந்தாவதில் இரண்டு விரல் ஆழம் என்று சொன்னேன் அல்லவா? பாதி இறங்குவதற்குள் தோள் மரத்துவிட்டது. வெயில் கிணற்றுச் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது.

“தள்ளு,” என்று குரல் கேட்டது.

தெய்வானை அத்தை புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லின் எதிரே உட்கார்ந்தாள். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள்.

“கம்பு இடிச்ச கை எப்டி இருக்கும்னு பாரு. இப்டி தடவிக் குடுத்துக்கினு இருந்தா பொயுதுக்கும் ஆவாது.”

அவள் நான் தேய்த்த வேகத்துக்கு மும்மடங்கு வேகமாகத் தேய்த்தாள். கிண்ணம் உடையவில்லை. கடைசியில் அது கிண்ணம் என்பதைவிடத் தட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் வாய் நேர். கழுவித் துடைத்து ஐந்தையும் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ஐந்தும் ஒரே மாதிரி ‘டண்’ என்றன. எழுந்து நின்றாள்.

“வாய நேராக்கிட்ட. வாயில வந்த வார்த்தய இன்னா பண்ணப் போற? அதயும் இந்தக் கல்லுல தேய்ப்பியா?”

எனக்குத் தமிழ் தெரியும், தெலுங்கு தெரியும், இங்கிலீஷ் தெரியும், பாதி ஹிந்தி தெரியும், ஜப்பான் பாஷையில் எட்டுச் சொல் தெரியும். ஒன்றும் வரவில்லை.

“அதே வாயால நல்லதா ஒண்ணு சொல்லு,” என்றாள் அத்தை. “அந்தப் பொண்ணு காதுல வியற மாதிரி சொல்லு.”

மங்கா கதவோரம் நின்றிருந்தாள்.

“நல்லா இருக்கட்டும்,” என்றேன்.

“இது எந்த பாஷ?”

“நம்ம பாஷதாங்க.”

“இத மொதல்லியே பேசறதுக்கு இன்னா?” என்று சொல்லிவிட்டு அத்தை கோலத்துக்கு நடந்தாள். மங்காவின் நைனா சுருட்டியிருந்த துண்டைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். விளக்கு வைக்கும்போது விதைத்தார்கள். காலையில் தாலி கட்டினார்கள்.

டீச்சர் சித்தூரிலிருந்து வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். கையை வேறு காட்டினேன். அவர் மண் பிசைவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“கிண்ணத்தை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி மங்கா உன்கிட்ட எதாவது கேட்டாளா?”

“கேட்டா டீச்சர்.”

“ம்,” என்றார். பிசைந்த மண்ணைப் பாதியாக அறுத்து என் பக்கம் தள்ளினார். நான் அன்று செய்ததும், அதற்கு அப்புறம் இன்றுவரை செய்ததும் கிள்ளாத விளிம்புகள்தான்.

எல்லைக் கோடு முடிவானது. திருத்தணி மதராஸுக்குப் போனது. நாம் இருக்கும் இடம் ஆந்திராவிலேயே நின்றது. அந்த ஒரு ஏரியின் மண்ணுக்கு நாங்கள் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு சூளை மூட்டலாம். கடைசியில் இந்தக் கோடையில் அனுமதி வந்தது. ஏரி வற்றியிருந்தபோது டீச்சரும் நானும் மண் பார்க்கப் போனோம். மங்கா வீட்டில்தான் சாப்பாடு. அவளுக்கு ஏழு மாதம். அத்தை அவளைக் குனிய விடாமல் அதட்டிக்கொண்டே எங்களுக்குப் பரிமாறினாள். எனக்கு இரண்டாம் தடவை சோறு போடும்போது, “ஒடையாத தட்டுலதான் போட்டுக்கீறேன், பாத்துக்கோ,” என்றாள்.

கை கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் என் பாலிகை ஒன்று, அந்த ஐந்தாவது, தண்ணீரோடு இருந்தது. தட்டையான விளிம்பு. அதில் ஒரு பக்கம் பெயர்ந்து போயிருந்தது. ஈரமும் பாசியும் படிந்து ஒரு நிறம் ஏறியிருந்தது. அந்த நிறத்தை எந்தச் சூளையிலும் என்னால் கொண்டுவர முடிந்ததில்லை.

“ஏரி காஞ்சப்ப சேத்துல கெடச்சிது,” என்றாள் மங்கா, பின்னால் வந்து. “எரும மிதிச்சிக்கீது.”

“மூளியாயிட்ச்சே. ஊட்ல வெச்சிக்கலாமா?”

“தண்ணில வுட்டதோட அது கண்ணாலமும் முடிஞ்சிட்ச்சி. இப்ப அது வெறும் சட்டி.”

டீச்சரும் வந்துவிட்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பெயர்ந்த இடத்தில் விரல் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஜப்பான் கிண்ணத்தைப் பார்க்கும்போது மட்டும் வரும் முகம் அது.

“எனக்குக் குடு மங்கா,” என்றேன். “ஷெட்ல டீச்சர் கிண்ணத்துக்குப் பக்கத்துல வெக்கிறேன். வர்றவங்களுக்குக் காட்டணும்.” அப்போதே மனதுக்குள் அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன். திரும்பி வந்த பிறகு அந்த இடத்தைத் துடைத்தும் வைத்தேன், என்றைக்காவது மனம் மாறித் தருவாள் என்று.

மங்கா சிரித்தாள். “அன்னிக்கு மழைல டீச்சர் இன்னா சொன்னாங்கன்னு உனுக்குத் தெரியாதில்ல? நீ படம் போட்டுக்கினு இருந்த. அந்த ஜப்பான் கிண்ணத்து மேடு பள்ளத்த யாரும் வேணும்னே பண்ணல, வேல முடிஞ்சி கைய எடுத்தப்ப அப்டி நின்னுட்ச்சி, பண்ணவங்க அத மாத்தாம வுட்டாங்கன்னாங்க. இல்ல டீச்சர்?”

டீச்சர் தலையசைத்தார்.

“அப்ப குடேன்.”

“ஏங்க்கா, நீ எடுத்துக்கினு போய் அலமாரில வெச்சிட்டா எங்க கோழி எதுல தண்ணி குடிக்கும்?”

டீச்சர் கிண்ணத்தை அவளிடமே கொடுத்தார். மங்கா குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கூண்டுக்கு அடியிலிருந்து குஞ்சுகள் ஓடி வந்தன. நேரான பக்கத்தில் அவற்றுக்குக் கழுத்து எட்டவில்லை. சுற்றி வந்து, பெயர்ந்த பக்கமாக நின்று குடித்தன.